புதுசா போடறதா, அப்படியே விடறதா

…அதான் கேக்கறேன், ஒருத்தர் கண்ணுல ஆபரேஷன் பண்ணிண்டு ஆத்துக்கு வரார்னா, வந்ததும் பழைய ஞாபகத்தையெல்லாம் தொடைச்சுட்டு அ, ஆவன்னாலேர்ந்தா ஆரம்பிக்கறார்? கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்திருக்கற இந்த மகேஷ் அப்படித்தான் சொல்றான், தங்கம். மதர்போர்டு மாத்தியாச்சு மாமி, இனிமே பழைய விண்டோஸ் ஒத்துக்காது, எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா போட்டுடலாம்னு. என்னமோ பொங்கலுக்கு செவுத்துக்கு வெள்ளையடிக்கறாப்ல சொல்றான்.

நீ பேச வேண்டாம். நீ பேச மாட்டேன்னு தெரிஞ்சுதான் மயிலாப்பூர்லேர்ந்து ஆழ்வார்பேட்டைக்கு இந்த வெயில்ல நடந்து வந்திருக்கேன். நீ பாட்டுக்கு டைப் அடி. காது சும்மாத்தானே இருக்கு. ஷஃபியுல்லா பாய், நான் கஸ்டமர் இல்லே. இந்தத் தங்கம் முன்னாடி வேலை பாத்துண்டிருந்தாளே, அந்த டி.டி.பி. சென்டர் நீரஜா மாமி நான்தான். ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுப் போயிடறேன். முட்டி வலி. …ஆங், இந்த ஸ்டூலே போதும்.

எங்க விட்டேன்? மகேஷ். அவன் இப்ப எங்காத்து முன் ரூம்ல, நீ ரெண்டு வருஷம் உக்காந்த நாற்காலியில சாஞ்சுண்டு, ஸ்க்ரூ டிரைவரால காதைக் குடைஞ்சுண்டிருக்கான். ஒரு மணிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க மாமி, அழிக்கறதா வேண்டாமா, எனக்குத் திருவான்மியூர்ல ஒரு பிரிண்டர் காத்துண்டிருக்குங்கறான். பிரிண்டர் காத்துண்டிருக்காம். நான் பன்னண்டு நாள் இவனுக்காக வாசலைப் பாத்துண்டு உக்காந்திருந்தேன், அதெல்லாம் காத்துண்டிருக்கறதுல சேத்தியில்லே.

மெஷின் ஆன் ஆகலேன்னு சொல்ல முடியாது. ஆறது. விண்டோஸோட அந்த மேகப் படமெல்லாம் வரது. அப்புறம் எழுத்தெல்லாம் கொட்டைப்பாக்கு கொட்டைப்பாக்கா, திரையோட நாலு மூலையிலயும் சேஃப் மோடு, சேஃப் மோடுன்னு எழுதிண்டு வந்து நிக்கறது. புதுப்புடவைக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் தடவுவோமே, அது மாதிரி. நான் முதல்ல நல்ல சகுனம்னுதான் நெனச்சேன். மகேஷ்தான் சொன்னான், அது பயந்துபோயிருக்குன்னு அர்த்தமாம்.

சரி, பயத்தை விடு, சாதாரணமா வான்னு மறுபடி ஆன் பண்ணினா, புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்கேன், இது என்னன்னு சொல்லு, சி.டி.யைப் போடுங்கறது. போட்டா, இது இல்லேங்கறது. அணைச்சுட்டுப் போட்டா திரும்பவும் கண்டுபிடிக்கறது. அதே மவுஸை இதுவரைக்கும் பதினோரு தடவை கண்டுபிடிச்சாச்சு. எங்க மாமியார் கடைசியில அப்படித்தான் இருந்தா. காபி கொண்டு போனா, யாரும்மா நீ, எந்தாத்துப் பொண்ணும்பா. காலி டம்ளரை எடுக்கப் போனா, மறுபடி யாரும்மா நீ. ஆனா ஒண்ணு, காபி நன்னாயிருக்குன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவா. முப்பது வருஷம் சொல்லாததை அந்த ஆறு மாசத்துல சொல்லித் தீத்தா. இந்த மெஷின் கிட்ட அதுகூட இல்லே.

அக்கா பிள்ளை நிரஞ்சன் இருக்கானே, அடையார்ல ஏதோ கம்பெனி, அவனுக்கு போன் பண்ணினேன். அவன் நேர்மாறா சொல்றான். சித்தி, அழிக்கவே அழிக்காதே, மதர்போர்டு மாத்தினா விண்டோஸ் மாத்தணும்னு எந்த சாஸ்திரமும் இல்லே. பழைய போர்டைப் பத்தி உள்ளே ஒரு பட்டியல் வெச்சிருக்கும், அதுல இருக்கறதை எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணு, அதுவே புதுசோட பழகிக்கும்னான். போனை ஒரு காதுல இடுக்கிண்டு ஒண்ணொண்ணா எடுத்தேன். எடுத்த வேகத்துல கீபோர்டையும் எடுத்துட்டேன். அப்புறம் ‘நிஜமா எடுக்கட்டுமா’ன்னு அது கேக்கறது, ‘வேண்டாம்’னு சொல்ல எனக்கு கீபோர்டு இல்லே. நிரஞ்சன் சிரிக்கறான். பெத்தவ வளத்தது அப்படி.

மகேஷ் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. இப்படியே ஒட்டுப் போட்டு ஓட்டினா பாதிக் கல்யாணப் பத்திரிகையில நின்னுடும், அப்ப என்னைத்தான் திட்டுவீங்கங்கறான். நிரஞ்சன் சொல்றதுலயும் நியாயம். இந்த ரெண்டு நியாயத்துக்கும் நடுவுல என் மெஷின் மஞ்சள் தடவிண்டு நிக்கறது.

…என்ன பாக்கறே? ஃபைலா? ஃபைலெல்லாம் எடுத்துண்டாச்சு. முப்பத்தாறு ஃப்ளாப்பி. அழிச்சா அதெல்லாம் போகாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா நீ மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்து வெச்சிருக்கியே சுருக்கமெல்லாம், அது எந்த ஃபைல்ல இருக்கு? ஒரு ‘நிம’ அடிச்சு ஸ்பேஸ் பாரைத் தட்டினா, ‘நிகழும் மங்களகரமான ஈஸ்வர வருஷம் தை மாதம்’னு மொத்தமும் வந்து விழுமே. ‘சுந’ அடிச்சா சுற்றமும் நட்பும் சூழ வந்துடுமே. நீ அடிக்கறதைப் பாத்தா பத்திரிகை அடிக்கறாப்லயே இருக்காது. புள்ளி வெச்சுண்டே போவே, கடைசியில கோலமா நிக்கும். அது அந்த மெஷினோட மண்டைக்குள்ளன்னா இருக்கு. மகேஷைக் கேட்டா, சுருக்கமா, என்ன சுருக்கம், நான் பாத்ததே இல்லேங்கறான். அவன் பாத்ததில்லேன்னா இல்லேன்னு ஆயிடுமா?

நானே கண்டுபிடிக்கலாம்னு சேஃப் மோடுலயே வேர்டைத் திறந்து ரெண்டு ரெண்டு எழுத்தா தட்டிப் பாத்தேன். மூணு மணி நேரத்துல நாலு சுருக்கம் கிடைச்சுது. ஒண்ணு ராகு காலம் முடிஞ்ச பிறகு. இன்னொண்ணு, ‘அன்பளிப்பு தவிர்க்கவும்’. அதை நம்ம கஸ்டமர்ல யாரும் கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லே.

அப்படிக் குடையறச்சே இன்னொண்ணும் பாத்தேன். சொல்லக்கூடாதுன்னுதான் வந்தேன், ஆனா சொல்லிடறேன். மாமின்னு ஒரு ஃபோல்டர். ஃபைனல்னு ஒரு ஃபோல்டர். ரெண்டுலயும் அதே பேர்ல அதே பத்திரிகை. மாமியைத் திறந்தா, நான் சொன்ன திருத்தமெல்லாம் அட்சரம் பிசகாம போட்டிருக்கு. பிள்ளையாரை இடது பக்கம் தள்ளச் சொன்னேனே, தள்ளியிருக்கு. நாலு வரிக்கு நாலு விதமான எழுத்து கேட்டேனே, அதுவும் இருக்கு. ஃபைனலைத் திறந்தா ஒண்ணுமே இல்லே. பிள்ளையார் நடுவுல. எழுத்து ஒரே எழுத்து. அச்சுக்குப் போனது அதுதான். ரெண்டு வருஷமா என்னை உக்கார வெச்சு, சரி மாமி, சரி மாமின்னு ஒண்ணைக் காட்டிட்டு, இன்னொண்ணை அனுப்பிண்டிருந்திருக்கே.

கோவம் வந்துது. வராதா? அப்புறம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். …அழகாத்தான் இருக்கு, உன்னோடது. காலேஜ்ல நான் தமிழ் படிச்சவ. எங்க நிறுத்தணும், எங்க மூச்சு விடணும்னு நன்னாத் தெரியும்னு நெனச்சிண்டிருந்தேன். வெள்ளை இடத்தை விடத் தெரியலே எனக்கு. நீ விட்டிருக்கே.

சரி, அது போகட்டும். இப்ப அவசரம் என்னன்னா தனபாலன். தி.நகர் பாத்திரக்கடை தனபாலன் சார். அவர் பொண்ணு பூஜாவுக்கு தை இருபத்தெட்டு முகூர்த்தம். இன்னிக்கு தை எட்டு. ஊருக்கெல்லாம் போய் வெத்தலைபாக்கோட பத்திரிகை வெக்கற ஜனம் அவா. தூத்துக்குடி, விருதுநகர், சாத்தூர்னு போகணும். பில் புக்கோட பின்பக்கத்துல நூத்து நாப்பது பேர் எழுதிக் கொடுத்தாரே, ஞாபகமிருக்கா? ஒவ்வொரு பேருக்கும் கடைப் பேர், ஊர் பேர். தாய்மாமன் யாருக்கு மேல, பெரியப்பா யாருக்குக் கீழ, சம்பந்தி வீட்டுல மூத்த மாப்பிள்ளையை எங்க போடறதுன்னு நீதானே அவரைப் பக்கத்துல உக்கார வெச்சுக் கேட்டுக் கேட்டு அடுக்கினே. உங்க பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். எனக்கு என்ன தெரியும்? அகர வரிசையில போட்டுடலாமான்னு கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பாக்கணுமே. அப்படிப் போட்டா கல்யாணத்துல பாதிப் பேர் இலையில உக்கார மாட்டாங்கம்மான்னார்.

அந்தப் பட்டியல் ஃப்ளாப்பியில இருக்கு. ஆனா ஊர் பேர், கடைப் பேரையெல்லாம் நீ சுருக்கமா அடிச்சு விரிச்சிருக்கே. இன்னும் நாப்பது பேர் பாக்கி. அதுக்குள்ளதான்… அன்னிக்குத்தான்…

அன்னிக்கு நடந்ததை நான் பேச வரலே. மெஷினைப் பத்தித்தான் பேச வந்தேன். ஆனா நீ கொஞ்சம் யோசிச்சுப் பாரு. திடீர்னு திரை கறுத்துப் போறது. பொட்டிக்குள்ளேர்ந்து ஒரு ‘டப்’. எதிர்ல கஸ்டமர், கையில பட்டியலோட. எனக்குக் கையும் ஓடலே, காலும் ஓடலே. நேத்து கடைசியா உக்காந்தது இவதான், என்னத்தைத் தட்டிக் கெடுத்தாளோன்னு வாய் தவறி வந்துடுத்து. நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தா நான் அங்கயே அடங்கியிருப்பேன். நீ என்னடான்னா டிபன் டப்பாவை எடுத்தே, செருப்பை மாட்டினே, போயிட்டே. வாசல் கேட்டைக்கூட சத்தம் போடாம சாத்திண்டு போனே. அதுதான் இன்னும் என் காதுல இருக்கு. அறைஞ்சு சாத்தியிருந்தா நானும் நாலு வார்த்தை சொல்லிட்டு மறந்திருப்பேன்.

…கொஞ்சம் கிட்ட வா. வர வேண்டாம், நானே ஸ்டூலை இழுத்துக்கறேன். பாய்க்குக் கேக்க வேண்டாம்.

மகேஷ் வந்து மூடியைக் கழட்டினான். கழட்டினவன் குனிஞ்சு மோந்து பாத்தான். மாமி, போர்டு மேல வெள்ளையா என்னமோ காஞ்சு ஒட்டிண்டிருக்கேன்னான். தூசுன்னேன். தூசு புளிப்பு வாடை அடிக்காது மாமிங்கறான். எறும்பு வேற. உள்ளே அத்தனை இண்டு இடுக்கு இருக்கே, ஊர்வலம் போயிண்டிருக்கு.

உனக்குத் தெரியும், மார்கழியில எங்காத்துல தயிர் தோயாது. பாலை வெதுவெதுப்பா காய்ச்சி, உறை குத்தி, அரிசி டின்னுக்குள்ள வெச்சுப் பாத்தேன். துண்டைச் சுத்தி வெச்சுப் பாத்தேன். காலம்பற திறந்தா பால் பாலாவே என்னைப் பாக்கும். எங்காத்துக்காரருக்கு கெட்டித் தயிர் இல்லேன்னா சாப்பாடே சாப்பாடு இல்லே. ஒரு நாள், நீ கிளம்பிப் போன அப்புறம், கம்ப்யூட்டர் பொட்டியைத் துணியால தட்டறேன். மேல கை பட்டுது. இதமா இருந்தது, தங்கம். அடுப்புச் சூடு இல்லே. தூங்கற குழந்தையோட முதுகுல கை வெச்சா இருக்குமே, அந்தச் சூடு. கிண்ணத்தைக் கொண்டு வந்து வெச்சேன். மறுநாள் கத்தியால வெட்டி எடுக்கலாம், அப்படித் தோஞ்சிருந்தது.

பதினஞ்சு நாள் வெச்சேன். நீ ஒழுங்கா அணைச்சுட்டுப் போவே. நான் தயிருக்காக மறுபடி போடுவேன். காலம்பற நீ வரதுக்கு முன்னாடி கிண்ணத்தை எடுத்து, வளையம் தெரியாம தொடைச்சுடுவேன். பதினாறாவது நாள் பூனை தட்டிடுத்து. மகேஷ்கிட்ட அப்படித்தான் சொன்னேன். எங்காத்துல ஏது பூனை. என் முழங்கைதான். மேல வழிஞ்சதைத் தொடைச்சேன். இடுக்கு வழியா உள்ளே இறங்கினது யாருக்குத் தெரியும்? காலம்பற நீ வந்தே, தனபாலன் வந்தார், அரை மணியில ‘டப்’.

அப்பவே தெரியுமான்னு கேக்கறியா? …நீ கேக்கலே. நானே கேட்டுக்கறேன். தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது. என் பேர் வெளியில வரதுக்கு முன்னாடி உன் பேரை எடுத்து விட்டுட்டேன். அவ்வளவுதான்.

மணி என்ன? பன்னண்டே முக்காலா? பாய், ஒரு போன் பண்ணிக்கட்டுமா, லோக்கல்தான். …

ஹலோ, மகேஷ்? நான்தான். இரு, இரு, கிளம்பாதே. …இன்னும் முடிவு பண்ணலே. …நான் என்ன பண்றது, எங்கிட்ட அவ பேச மாட்டேங்கறாளே. …அழிச்சா அந்தச் சுருக்கம் போயிடுமே, நீதானே திரும்ப அடிக்கப் போறே? …அப்படியெல்லாம் பேசப்படாது. பெரியவா கிட்ட… ஏய், தங்கம், என்ன பண்றே? போனையா? இந்தா. இந்தா, பேசு.

…

…என்ன சொல்றே அவன்கிட்ட? விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளயா? ஏ.சி.எல்.னு முடியற ஃபைல்… அதை ஃப்ளாப்பியில… ஃபான்ட் ஃபோல்டரையும் எடுத்துண்டு… அப்புறம் அழிச்சுட்டு புதுசா போட்டு, அங்கயே திரும்ப வெச்சுடறதா… அவ்வளவுதானா?

போனை வெச்சுட்டியா?

ஒரு ஃபைல். நூறு சுருக்கமும் ஒரே ஃபைல். மூணு நாளா நான் தூங்கலே. மகேஷ் என்னை அதட்டினான், நிரஞ்சன் சிரிச்சான், நான் அவா ரெண்டு பேரையும் அதட்டினேன். முப்பத்தேழாவதா ஒரு ஃப்ளாப்பி வாங்கிண்டா தீந்துபோச்சு. புதுசா போடணும்னு மகேஷ் சொன்னதும் சரி, பழசு போக வேண்டாம்னு நான் அழுததும் சரி. நன்னாயிருக்கு. …அப்படின்னா நீ இல்லாமலேயே பூஜா பத்திரிகையை முடிச்சுடலாம். உன்கிட்ட வந்ததுக்குக் காரணமே இல்லாம ஆக்கிட்டே.

கிளம்பறேன். எங்கிட்ட ஒரு வார்த்தையும் பேசலே நீ. பரவாயில்லே. மகேஷ்கிட்டயாவது பேசினே, குரலைக் கேட்டேன்.

பாய், போனுக்கு ரொம்ப தாங்க்ஸ். இது என்ன, புது மெஷினா? உறை போட்டு மூடி வெச்சிருக்கேளே. பெண்டியம் மாதிரின்னா இருக்கு. இதை வெச்சுண்டு இவளை ஏன் அந்தப் பழைய மெஷின்ல உக்கார வெச்சிருக்கேள்? ஒரு பக்கம் திரும்பறதுக்குள்ள ஒரு காபி குடிச்சுடலாம் போலிருக்கே அதுல. இவ கை வேகத்துக்கு…

…என்னது?

…யார் சொன்னா? தனபாலனா? இங்க கார்டு வாங்க வந்தப்பவா?

…மெஷினை எரிச்ச பொண்ணுன்னா?

அவர் கண்ணால பாத்தாராமா. பாத்தார், பாத்தார். பக்கத்துலதானே உக்காந்திருந்தார். …இல்லே பாய், உங்களைத் தப்பு சொல்லலே. ஒரு மாசம் பழையதுல பாத்துட்டு அப்புறம் புதுசைத் தொட விடலாம்னு நீங்க நெனச்சது எந்த முதலாளியும் நெனைக்கறதுதான். பதினெட்டு நாளா இவளும் வாயைத் திறந்து இல்லேன்னு சொல்லலியா? …சொல்ல மாட்டா. எனக்குத் தெரியாதா.

இன்னொரு போன் பண்ணணும் பாய். இதுவும் லோக்கல்தான். இங்கயேதான் பண்ணணும். உங்க எதிர்லதான். நீ டைப் அடி, தங்கம். திரும்பாதே.

ஹலோ, தனபாலன் சார் இருக்காரா? …சார், நீரஜா மாமி பேசறேன். மயிலாப்பூர்லேர்ந்து. …பத்திரிகை நாளன்னிக்குக் கைக்கு வந்துடும் சார், அதுக்காக போன் பண்ணலே. …அது வந்து… அன்னிக்கு மெஷின் போச்சே. …ஆமா, தங்கம் கெடுத்துட்டான்னு உங்க எதிர்ல சொன்னேனே, அந்த விஷயம்தான். …அது அவ இல்லே. …அவ தொட்டதுனால இல்லே சார். நான். நான்தான்.

…கேக்கலியா? அங்க யாரோ அண்டாவை உருட்டறா போலிருக்கே. …நான்தான் கெடுத்தேன்னேன். …எப்படியா?

சத்தமா சொல்லணுமா? இங்க கடையில ஆறேழு பேர் நிக்கறா சார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவா. …சரி. சொல்றேன். பாய், நீங்களும் கேளுங்கோ.

கம்ப்யூட்டர் பொட்டி மேல தயிர் தோய வெச்சேன் சார். அது உள்ளே கொட்டிடுத்து. தங்கத்து மேல ஒரு தப்பும் இல்லே. யார் யார்கிட்ட சொன்னேளோ, அவா எல்லார்கிட்டயும் இதையும் சொல்லிடுங்கோ.

…

…என்ன சார்? …இல்லே, புளிக்கலே. நன்னா கெட்டியாத்தான் தோஞ்சுது.